கொலஸ்ட்ரால் தாளைத் தனியே படிக்கலாகாது



டைப் 1 நீரிழிவோடு வாழ்கிறவர்களின் கைக்கும், அவர்களைப் பெற்றவர்களின் கைக்கும் அவ்வப்போது ஒரு தாள் வந்து சேர்கிறது. 'லிப்பிட் புரொஃபைல்' என்று தலைப்பு. நடுவில் எண்கள், வலப்பக்கம் 'இயல்பு எல்லை'. எண்கள் எல்லைக்குள் இருந்தால் நிம்மதியாகக் கோப்பில் செருகிவிடுகிறோம். ஏதாவது ஒன்று தடித்த எழுத்தில் அச்சாகியிருந்தால் பதறிப்போய் முட்டையையும் நெய்யையும் நிறுத்துகிறோம். டைப் 1 உள்ளவரின் விஷயத்தில் இந்த நிம்மதி, பதற்றம் இரண்டுமே பல நேரம் ஆதாரமற்றவை என்பதே இன்று நான் சொல்ல வந்தது. இன்சுலின் போதுமான அளவு கிடைக்கிறதா, நோய் வந்து எத்தனை ஆண்டாயிற்று, சிறுநீரில் அல்புமின் என்ற புரதம் கசிகிறதா என்ற மூன்று கேள்விகளுக்கும் பதில் தெரியாமல் அந்தத் தாளைப் படிக்க முடியாது. படித்தால் தவறாகத்தான் படிப்போம்.

முதலில் அந்த வலப்பக்க எல்லைகள் எங்கிருந்து வந்தன என்று பார்ப்போம். மொத்தக் கொலஸ்ட்ரால் டெசிலிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குக் கீழ் இருந்தால் நலம். எல்டிஎல் 100க்குக் கீழ் என்றால் மிக நன்று, 130 முதல் 159 வரை எல்லைக்கோடு, 160ஐத் தொட்டால் அதிகம். எச்டிஎல் 40க்குக் கீழ் போனால் குறைவு. ட்ரைகிளிசரைடு 150க்குக் கீழ் இயல்பு. நம் லேப் தாள்களில் பரவலாகக் காணப்படும் இந்தப் பட்டியல், அமெரிக்காவின் தேசியக் கொலஸ்ட்ரால் கல்வித் திட்டம் 2001இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் உள்ளது. பொதுமக்களைப் படிப்படியாக வகைப்படுத்துவதற்காக அதை வகுத்தார்கள். அதே வழிகாட்டுதல், நீரிழிவு உள்ளவரை ஏற்கெனவே இதயநோய் வந்தவருக்குச் சமமாக வைத்து, எல்டிஎல் 100க்குக் கீழே இருக்க வேண்டும் என்றும் சொன்னது. பட்டியல் மட்டும் தாளில் ஏறியது, நிபந்தனை விடுபட்டுப் போயிற்று. அதனால் 30 வயதில், 20 ஆண்டுகளாக இன்சுலின் போட்டுவரும் ஒருவருக்கு எல்டிஎல் 128 என்று வந்தால், தாள் அதை எல்லைக்கோட்டுக்குக் கீழே வைத்து விட்டுவிடுகிறது. அவருடைய மருத்துவர் அப்படி விட்டுவிடக் கூடாது.

இன்னொரு குழப்பமும் இருக்கிறது. சர்க்கரையும் கொழுப்பும் பற்றித் தமிழில் நாம் படிப்பது, கேட்பது எல்லாம் ஏறக்குறைய டைப் 2 நீரிழிவைப் பற்றியது. அதில் இன்சுலின் இருக்கிறது, உடல் அதற்குச் செவிசாய்ப்பதில்லை. ட்ரைகிளிசரைடு கூடும், எச்டிஎல் குறையும், எல்டிஎல் துகள்கள் சிறுத்து அடர்த்தியாகும். வயிற்றுப் பருமனோடு சேர்ந்துவரும் இந்தச் சித்திரத்தைத்தான் 'சர்க்கரைக்காரரின் கொலஸ்ட்ரால்' என்று எல்லோரும் மனதில் வைத்திருக்கிறோம். டைப் 1 உள்ளவரின் தாளில் பெரும்பாலும் இந்தச் சித்திரம் இருப்பதில்லை. அதைத் தேடிப் பார்த்துவிட்டு, காணோம் என்றதும் பிரச்சினை எதுவும் இல்லை என்று முடிவுகட்டுவது பெரிய பிழை.

தாளில் உள்ள எண்களில் எவை அளந்தவை, எவை கணக்கிட்டவை என்பதும் தெரிந்திருக்க வேண்டும். கொழுப்பு நீரில் கரையாது. ஆகவே கல்லீரலும் குடலும் அதைப் புரதத்தோடு சேர்த்துப் பொதிந்து, துகள்களாக ரத்தத்தில் அனுப்புகின்றன. எல்டிஎல், எச்டிஎல், விஎல்டிஎல் எல்லாம் அந்தத் துகள்களின் வகைகள். பல லேப்களில் மொத்தக் கொலஸ்ட்ரால், எச்டிஎல், ட்ரைகிளிசரைடு ஆகிய மூன்றை மட்டும் நேரடியாக அளக்கிறார்கள். எல்டிஎல் கணக்குப்போட்டு எடுத்தது. ட்ரைகிளிசரைடை ஐந்தால் வகுத்து அதை விஎல்டிஎல் என்று கொண்டு, மொத்தத்திலிருந்து அதையும் எச்டிஎல்லையும் கழித்தால் மிச்சம் எல்டிஎல். ஃப்ரீட்வால்ட் என்பவரும் கூட்டாளிகளும் 1972இல் வெளியிட்ட சூத்திரம் இது. ட்ரைகிளிசரைடு 400ஐத் தாண்டினால் சூத்திரம் உடைந்துபோகும். அதற்குக் கீழேயும், ட்ரைகிளிசரைடு கூடக் கூட எல்டிஎல்லைக் குறைத்துக் காட்டும் போக்கு அதற்கு உண்டு. அப்படிப்பட்ட நேரத்தில் நாமே ஒரு கழித்தல் போட்டுக்கொள்ளலாம். மொத்தக் கொலஸ்ட்ராலிலிருந்து எச்டிஎல்லைக் கழித்தால் வருவது எச்டிஎல் அல்லாத கொலஸ்ட்ரால். ரத்தக் குழாய்ச் சுவருக்குள் புகுந்து படியக்கூடிய அத்தனை துகள்களின் கொலஸ்ட்ராலும் அதில் அடங்கும். வெறும் வயிறா, சாப்பிட்டதா என்ற கவலை அதற்குக் குறைவு. அதன் இலக்கு எல்டிஎல் இலக்கைவிட 30 கூடுதல். மலேசியாவிலோ பிரிட்டனிலோ கனடாவிலோ இருக்கும் உறவினரின் தாளில் எல்டிஎல் 2.6 என்று இருப்பதைப் பார்த்து யாரும் மலைக்க வேண்டாம். அது மில்லிமோல் அளவு. 38.67ஆல் பெருக்கினால் நம் அளவில் 100 ஆகிவிடும்.

இனி இன்சுலினுக்கு வருவோம். இன்சுலின் சர்க்கரைக்கு மட்டுமான ஹார்மோன் என்ற எண்ணம் நம்மிடம் ஊறிப்போயிருக்கிறது. கொழுப்பைக் கட்டியாள்வதும் அதன் வேலைதான். உணவு இல்லாத நேரத்தில் உடல் தன் சேமிப்புக் கொழுப்பைக் கரைத்து ரத்தத்தில் விடும். சாப்பிட்டதும் இன்சுலின் உயர்ந்து அந்தக் கரைப்பை நிறுத்தும். ரத்த நாளங்களின் உட்சுவரில் நின்று ட்ரைகிளிசரைடை உடைக்கிற லைப்போபுரோட்டீன் லைப்பேஸ் என்ற நொதியும் இன்சுலின் இருந்தால்தான் ஒழுங்காக வேலை செய்யும். இன்சுலின் வற்றிப்போனால் இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் கெடுகிறது. கொழுப்பு அமிலங்கள் கட்டில்லாமல் கல்லீரலுக்குப் பாய்கின்றன, கல்லீரல் அவற்றை விஎல்டிஎல் துகள்களாக்கித் திருப்பி அனுப்புகிறது, அவற்றை உடைத்து அகற்ற வேண்டிய நொதியோ சோர்ந்து கிடக்கிறது. நோய் கண்டறியப்படும் நாளில், கீட்டோ அசிடோசிஸோடு மருத்துவமனைக்கு வரும் பிள்ளைகள் சிலரின் ரத்தத்தில் ட்ரைகிளிசரைடு ஆயிரத்தைத் தாண்டி, பிரித்தெடுத்த சீரம் பால்போல் வெளுத்திருப்பதற்குக் காரணம் இதுதான். இன்சுலின் கொடுக்கத் தொடங்கியதும் அந்த எண் மளமளவென்று இறங்கிவிடுகிறது.

ஆகவே, டைப் 1 உள்ள ஒருவரின் தாளில் ட்ரைகிளிசரைடு எகிறியிருந்தால் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, என்ன சாப்பிட்டார் என்பதைவிட, இன்சுலின் எவ்வளவு போய்ச் சேர்ந்தது என்பதுதான். அதே வாரத்தில் எடுத்த எச்பிஏ1சி, அதாவது மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் அளவு, 10 என்று இருந்தால், கொலஸ்ட்ரால் தாள் புதிய நோய் எதையும் அறிவிக்கவில்லை; இன்சுலின் பற்றாக்குறையை இன்னொரு மொழியில் சொல்கிறது. பிள்ளைகளுக்கான முதல் லிப்பிட் பரிசோதனையை நோய் கண்டவுடன் எடுக்காமல், சர்க்கரை ஓரளவு கட்டுக்குள் வந்த பிறகு எடுக்கச் சொல்லி அமெரிக்க நீரிழிவுச் சங்கம் பரிந்துரைப்பதும் இதனால்தான். இதற்கு ஒரு நியாயமான மறுப்பு உண்டு. சர்க்கரை கட்டுக்குள் வரட்டும் என்று காத்திருந்தால், பதின்பருவத்தில் பலருக்கு அது ஆண்டுக்கணக்கில் வராமலே போகிறதே, அதுவரை எல்டிஎல்லைச் சும்மா விடுவதா என்று கேட்கலாம். கூடாது. அந்தச் சங்கமே ஆறு மாதம் என்று கெடு வைக்கிறது. உணவையும் இன்சுலினையும் சீர்செய்து ஆறு மாதம் பார்த்த பிறகும் எல்டிஎல் 160க்கு மேலேயே நின்றால், அல்லது வேறு ஆபத்துக் காரணி இருந்து 130க்கு மேல் நின்றால், 10 வயதைக் கடந்த பிள்ளைக்கு எல்டிஎல்லைக் குறைக்கும் ஸ்டாட்டின் மருந்தை யோசிக்கலாம் என்கிறது. இன்சுலினைச் சரிசெய்வது முதல் வேலை. அது மற்ற வேலைகளைத் தள்ளிப்போடுவதற்குச் சாக்காகிவிடக் கூடாது.

தடித்த எழுத்துத் தாளைப் பற்றிச் சொன்னேன். எனக்கு அதைவிடக் கவலை தருவது அழகான தாள். சர்க்கரையை நன்றாகப் பார்த்துக்கொள்ளும் டைப் 1 நீரிழிவாளர்களின் லிப்பிட் தாள், நீரிழிவே இல்லாதவர்களின் தாளைப் போல, சில வேளை அதைவிடவும் சிறப்பாக இருக்கும். ட்ரைகிளிசரைடு 60, 70 என்று இருக்கும். எச்டிஎல் 65, 75 என்று உயர்ந்திருக்கும். கணையம் சுரக்கும் இன்சுலின் முதலில் கல்லீரலுக்குப் போய், அங்கே பெரும்பகுதி செலவான பிறகுதான் உடலின் மற்றப் பகுதிகளுக்குப் போகும். ஊசியிலோ பம்பிலோ தோலடியில் செலுத்தும் இன்சுலின் இந்த வரிசையை மாற்றிவிடுகிறது. கல்லீரலுக்குக் குறைவாகவும், கொழுப்புத் திசுவுக்கும் தசைக்கும் கூடுதலாகவும் கிடைக்கிறது. அங்கே லைப்பேஸ் நொதி தூண்டப்பட, ட்ரைகிளிசரைடு விரைவாக உடைபட்டு எச்டிஎல் கூடுகிறது. அந்த உயர்ந்த எச்டிஎல்லில் கணிசமான பங்கு, இன்சுலினை நாம் செலுத்தும் பாதையின் பின்விளைவு. இதயம் காப்பாற்றப்பட்டதற்கு அது சான்றாகாது.

'நல்ல கொலஸ்ட்ரால்தானே, கூட இருந்தால் நல்லதுதானே' என்ற எண்ணத்தை ஆய்வுகள் ஆட்டம்காண வைத்துவிட்டன. எச்டிஎல் அதிகம் உள்ளவர்களுக்கு மாரடைப்பு குறைவு என்று மக்கள்தொகை ஆய்வுகள் காட்டியது உண்மை. ஆனால் எச்டிஎல்லை வேண்டுமென்றே உயர்த்திப் பார்த்தபோது பாதுகாப்பு கிடைக்கவில்லை. டார்செட்ராபிப் என்ற மருந்து எச்டிஎல்லை ஏறத்தாழ 70 விழுக்காடு உயர்த்தியது, எல்டிஎல்லையும் குறைத்தது. 15,000 பேரிடம் நடந்த அந்தச் சோதனையில் மருந்து எடுத்தவர்களிடையே மரணம் கூடுதலாக இருந்ததால் 2006இல் அதை நிறுத்தினார்கள். அந்த மருந்துக்கு ரத்த அழுத்தத்தைக் கூட்டும் தனிக் குறையும் இருந்தது என்பதால் அதை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. ஆனால் பிறவியிலேயே எச்டிஎல் மட்டும் கூடுதலாக இருக்கச் செய்யும் மரபணு வேறுபாட்டை உடையவர்களை ஆராய்ந்து 2012இல் வெளியான முடிவும், அவர்களுக்கு மாரடைப்பு குறையவில்லை என்றே காட்டியது. டைப் 1 உள்ளவர்களிடம் எச்டிஎல் துகள்கள் எண்ணிக்கையில் கூடியிருந்தாலும், அவற்றின் செயல்திறன் குன்றியிருக்கக்கூடும் என்பதற்கும் சான்றுகள் உண்டு. இதில் நடைமுறைச் சிக்கல் ஒன்று. நம் லேப் தாள்களின் அடியில் மொத்தக் கொலஸ்ட்ராலுக்கும் எச்டிஎல்லுக்கும் உள்ள விகிதத்தைப் போட்டு, பக்கத்தில் 'குறைந்த ஆபத்து' என்று எழுதியிருப்பார்கள். எச்டிஎல் 75 உள்ளவருக்கு அந்த விகிதம் தானாகவே குறைந்துவிடும். இன்சுலின் செலுத்தும் வழியால் உயர்ந்த எண் ஒன்று, இதயத்துக்கு நற்சான்றிதழ் எழுதிக்கொடுத்துவிடுகிறது. டைப் 1 உள்ளவர்கள் அந்த வரியைப் படிக்காமலே விடலாம்.

எண்கள் அழகாக இருந்தும் ஆபத்து ஏன் குறைவதில்லை என்று கேட்பீர்கள். சுவீடனில் தேசிய நீரிழிவுப் பதிவேடு ஒன்றை நெடுங்காலமாகப் பேணிவருகிறார்கள். டைப் 1 உள்ள 33,915 பேரை, அதே வயது, பால், ஊர் கொண்ட பொதுமக்களோடு ஒப்பிட்டு 2014இல் வெளியிட்ட ஆய்வில், எச்பிஏ1சி 6.9க்குள் வைத்திருந்தவர்களுக்கும் மரண ஆபத்து இரு மடங்குக்கு மேல் இருந்தது. இதய, ரத்தக் குழாய் நோய்களால் இறக்கும் ஆபத்து ஏறக்குறைய மூன்று மடங்கு. 2018இல் அதே பதிவேட்டிலிருந்து வந்த இன்னொரு ஆய்வு, 10 வயதுக்குள் நோய் வந்தவர்களுக்கு இதயத் தமனி நோயின் ஆபத்து, நோயில்லாத ஒத்த வயதினரைவிட 30 மடங்கு என்றது. இந்தக் கடைசி எண்ணைக் கேட்டு எந்தத் தாயும் கலங்க வேண்டியதில்லை. இளம் வயதில் மாரடைப்பு மிக மிக அரிது. மிகச் சிறிய எண்ணை 30ஆல் பெருக்கினாலும் கிடைப்பது சிறிய எண்தான். அந்த ஆய்வு சொல்லும் செய்தி, காலத்தைப் பற்றியது. சிறுவயதில் நோய் வந்தவரின் ரத்தக் குழாய்கள் கூடுதல் ஆண்டுகள் உயர் சர்க்கரையில் ஊறுகின்றன, அத்தனை ஆண்டும் எல்டிஎல் துகள்கள் அந்தச் சுவர்களில் மோதிக்கொண்டே இருக்கின்றன. கடனுக்கு வட்டி ஏறுவதுபோல இந்தச் சேதம் ஏறுகிறது. இன்றைய எல்டிஎல் எவ்வளவு என்பதோடு, எத்தனை ஆண்டுகளாக அது அந்த அளவில் இருந்துவருகிறது என்பதையும் சேர்த்தே கணக்கிட வேண்டும். 40 வயதில் நோய் வந்தவரின் 110ம், 5 வயதில் நோய் வந்து 40ஐத் தொட்டவரின் 110ம் தாளில்தான் ஒன்று, ரத்தக் குழாயில் ஒன்றாக இருக்க வாய்ப்பில்லை.

இந்த இடத்தில் நான் நம்பிக்கையோடு சொல்லக்கூடிய செய்தியும் இருக்கிறது. பின்லாந்தில் டைப் 1 உள்ள 4,201 பேரைப் பின்தொடர்ந்த ஃபின்டயேன் ஆய்வு, 2009இல் ஒரு முக்கியமான முடிவை வெளியிட்டது. சிறுநீரில் அல்புமின் கசிவு இல்லாதவர்களின் மரண விகிதம், பொதுமக்களுடையதைவிடக் கூடுதலாக இல்லை. கூடுதல் மரணம் முழுவதும் சிறுநீரகப் பாதிப்பு தொடங்கியவர்களிடம்தான் குவிந்திருந்தது. பின்லாந்து முடிவும் சுவீடன் முடிவும் முரண்படுகின்றனவே என்று தோன்றலாம். சுவீடன் ஆய்வு சர்க்கரை அளவை வைத்துப் பிரித்தது, பின்லாந்து ஆய்வு சிறுநீரகத்தை வைத்துப் பிரித்தது. இப்போது நல்ல எச்பிஏ1சி வைத்திருப்பவரிடமும் பழைய ஆண்டுகளின் சேதம் தங்கியிருக்கக்கூடும், அது சிறுநீர் அல்புமினில் வெளிப்படும். என் பார்வையில், டைப் 1 உள்ளவரின் கொலஸ்ட்ரால் தாளுக்குப் பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டிய முதல் தாள் சிறுநீர் அல்புமின், கிரியாட்டினின் விகிதத் தாள்தான். அதற்கு ஆகும் செலவு அதிகமில்லை. நோய் வந்து ஐந்து ஆண்டுகள் ஆனவர்கள் ஆண்டுதோறும் எடுக்க வேண்டிய பரிசோதனை அது. ஆயினும் அதிகம் விடுபட்டுப் போவதும் அதுவே என்று நினைக்கிறேன். அல்புமின் கசிவு இருந்தால், எல்டிஎல் 95 என்பதுகூட ஆறுதல் தரும் எண் ஆகாது.

சர்க்கரைக் கட்டுப்பாடு இதயத்தைக் காக்கிறது என்பதற்கு அசைக்க முடியாத சான்று அமெரிக்காவிலும் கனடாவிலும் நடந்த டிசிசிடி ஆய்வு. டைப் 1 உள்ள 1,441 பேர் 1983இலிருந்து 1993 வரை இதில் பங்கேற்றார்கள். தீவிரச் சிகிச்சை பெற்றவர்களின் எச்பிஏ1சி 7 அளவிலும், அக்கால வழக்கச் சிகிச்சை பெற்றவர்களுடையது 9 அளவிலும் இருந்தது. ஆய்வு முடிந்ததும் இரு குழுவினரின் அளவும் 8ஐ ஒட்டி வந்து ஒன்றாகிவிட்டது. ஆனாலும் 2005இல் கணக்கெடுத்தபோது, முன்பு தீவிரச் சிகிச்சையில் இருந்தவர்களுக்கு இதய, ரத்தக் குழாய் நிகழ்வுகள் 42 விழுக்காடு குறைவாக இருந்தன. மாரடைப்பு, பக்கவாதம், இதய மரணம் ஆகியவற்றை மட்டும் எடுத்தால் 57 விழுக்காடு குறைவு. இளமையில் சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்திருந்த சில ஆண்டுகளின் பலன் பல ஆண்டு கழித்தும் நிற்கிறது. இதைக் கேட்டுவிட்டுச் சிலர், அப்படியானால் சர்க்கரையைப் பார்த்துக்கொண்டால் போதும், கொலஸ்ட்ராலுக்கென்று தனியாக எதற்கு மருந்து என்று கேட்கிறார்கள். 57 விழுக்காடு குறைந்தது என்றால் 43 விழுக்காடு குறையவில்லை என்றும் பொருள். சுவீடன் பதிவேட்டின் 2019ஆம் ஆண்டு ஆய்வு, டைப் 1 உள்ளவர்களின் இதய ஆபத்தை முன்கூட்டிச் சொல்லும் காரணிகளை வரிசைப்படுத்தியபோது எச்பிஏ1சி, சிறுநீர் அல்புமின், நோயின் கால அளவு, ரத்த அழுத்தம் ஆகியவற்றோடு எல்டிஎல்லும் முன்வரிசையில் நின்றது.

ஸ்டாட்டின் மருந்துகளைப் பற்றி வரும் மறுப்புகளில் மிகவும் கனமானது இது: டைப் 1 உள்ளவர்களிடம் மட்டும் நடத்திய பெரிய சோதனை ஏது? உண்மைதான், குறைவு. 14 சோதனைகளைத் திரட்டி, நீரிழிவு உள்ள 18,686 பேரின் விவரங்களை 2008இல் ஆராய்ந்தபோது அதில் டைப் 1 உள்ளவர்கள் 1,466 பேர் மட்டுமே. எல்டிஎல் ஒரு மில்லிமோல், அதாவது ஏறத்தாழ 39 மில்லிகிராம் குறைந்தால், பெரும் ரத்தக் குழாய் நிகழ்வுகள் நீரிழிவாளரிடம் 21 விழுக்காடு குறைந்தன. டைப் 1 குழுவிலும் அதே அளவுதான் வந்தது, ஆனால் ஆட்கள் குறைவு என்பதால் அந்த மதிப்பீட்டின் பிழை எல்லை அகலமானது. இதை மறைத்துப் பேசுவதில் எனக்கு விருப்பமில்லை. ஆனால் எல்டிஎல் ரத்தக் குழாயைக் கெடுக்கிறது என்பதற்கான சான்று சோதனைகளோடு நிற்கவில்லை. பிசிஎஸ்கே9 என்ற மரபணுவில் ஏற்பட்ட மாற்றத்தால் பிறவி முதலே எல்டிஎல் 28 விழுக்காடு குறைவாக இருந்த அமெரிக்கக் கறுப்பின மக்களிடம் இதயத் தமனி நோய் 88 விழுக்காடு குறைவாக இருந்ததை 2006இல் கண்டறிந்தார்கள். மறுபக்கம், குடும்ப வழியாக எல்டிஎல் மிக அதிகமாக வரும் பரம்பரை நோயில் இளவயதிலேயே மாரடைப்பு வருகிறது. அதன் மூலக் காரணத்தைக் கண்டறிந்த பிரவுன், கோல்ட்ஸ்டைன் இருவருக்கும் 1985இல் நோபல் பரிசு கிடைத்தது. கொலஸ்ட்ரால் வெறும் கட்டுக்கதை, உடலுக்குத் தேவையான பொருளைக் குறைக்கச் சொல்கிறார்கள் என்று பரப்புகிறவர்கள் இந்த மரபணுச் சான்றுக்கு இதுவரை பதில் சொல்லவில்லை. உடலுக்குக் கொலஸ்ட்ரால் தேவைதான். பிறவியிலேயே எல்டிஎல் குறைவாக இருந்த அந்த மனிதர்கள் நலமாகவே வாழ்ந்தார்கள்.

அடுத்த மறுப்பு, ஸ்டாட்டின் சர்க்கரையைக் கூட்டுகிறது என்பது. புதிதாக டைப் 2 வரும் வாய்ப்பை அது சுமார் 9 விழுக்காடு கூட்டுகிறது என்று 2010இல் ஒரு தொகுப்பாய்வு கணக்கிட்டது, அதாவது 255 பேர் நான்கு ஆண்டுகள் எடுத்தால் கூடுதலாக ஒருவருக்கு. ஏற்கெனவே இன்சுலினை அளந்து போடும் டைப் 1 நீரிழிவாளருக்கு இது அளவில் சிறு திருத்தமாக முடியலாம். தசைவலி என்ற அச்சத்துக்கும் பதில் உண்டு. ஸ்டாட்டினைப் பாதியில் நிறுத்திய 60 பேருக்கு மாற்றி மாற்றி உண்மை மாத்திரையும் போலி மாத்திரையும் கொடுத்த பிரிட்டன் சோதனையில், தொல்லைகளில் 90 விழுக்காடு போலி மாத்திரையிலும் அப்படியே இருந்தன. எஞ்சிய சிலருக்கு வலி உண்மையானதே. அவர்களுக்கு வேறு மருந்து, வேறு அளவு உண்டு. கர்ப்பம் மட்டும் முற்றிலும் வேறு விஷயம். கருவுறத் திட்டமிடும் பெண்கள் ஸ்டாட்டினைப் பற்றி முன்னதாகவே மருத்துவரிடம் பேசிவிட வேண்டும். பெரும்பாலும் நிறுத்தச் சொல்வார்கள். இளம்பெண்களுக்கு இந்த மருந்தை எழுதும்போது இதைச் சொல்லாமல் எழுதுவது சரியில்லை.

எப்போது தொடங்குவது என்பதில் பிரிட்டனின் நைஸ் அமைப்பு எனக்குப் பிடித்த தெளிவோடு பேசுகிறது. டைப் 1 உள்ளவருக்கு, பொதுமக்களுக்கான ஆபத்துக் கணிப்பான்களைப் பயன்படுத்தவே வேண்டாம் என்கிறது. அவை பொதுமக்களை அளக்கச் செய்தவை என்பதால் டைப் 1இன் ஆபத்துக்குப் பொருந்துவதில்லை. 40 வயதைக் கடந்தவர், நோய் வந்து 10 ஆண்டுகளுக்கு மேல் ஆனவர், சிறுநீரகப் பாதிப்பு உள்ளவர், வேறு இதய ஆபத்துக் காரணி உள்ளவர் என எவருக்கும் அடோர்வாஸ்டாட்டின் 20 மில்லிகிராம் தரலாம் என்கிறது. கவனியுங்கள், இந்த நான்கு நிபந்தனைகளில் எதிலும் கொலஸ்ட்ரால் எண்ணே இல்லை. அமெரிக்கச் சங்கமோ 40ஐத் தாண்டிக் கூடுதல் ஆபத்து உள்ள நீரிழிவாளருக்கு எல்டிஎல்லை 70க்குக் கீழும், ஏற்கெனவே மாரடைப்பு வந்தவருக்கு 55க்குக் கீழும் கொண்டுவரச் சொல்கிறது. தாளில் 'மிக நன்று' என்று அச்சாகும் 100, இவர்கள் யாருக்கும் இலக்கே இல்லை.

உணவைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன், அதைப் பற்றி வேண்டிய அளவு பேசிவிட்டார்கள். எல்டிஎல்லைக் கூட்டுவதில் பெரும்பங்கு நிறைவுற்ற கொழுப்புக்குத்தான். நெய், வெண்ணெய், பாமாயில், தேங்காய் எண்ணெய் எல்லாம் இதில் சேரும். ஆனால் சர்க்கரை ஏறாமல் இருக்க மாவுச்சத்தை வெகுவாகக் குறைத்து, அந்த இடத்தை வெண்ணெயாலும் இறைச்சியாலும் நிரப்பும் பழக்கம் டைப் 1 உள்ளவர்களிடையே பரவிவருவதால் ஒன்று சொல்ல வேண்டும். எச்பிஏ1சி அழகாக இறங்கும்போதே சிலருக்கு எல்டிஎல் 180, 200 என்று ஏறுவது உண்டு. அது நிறைவுற்ற கொழுப்பு செய்யும் வேலை, கண்டுகொள்ளாமல் விடக்கூடிய ஏற்றம் அன்று. உணவிலும் இன்சுலினிலும் குறையில்லாமல் எல்டிஎல் மட்டும் உயர்ந்தே நின்றால் தைராய்டைப் பார்க்க வேண்டும். டைப் 1ஐக் கொண்டுவந்த அதே தன்னெதிர்ப்புக் கோளாறு தைராய்டையும் தாக்குவது சாதாரணம், தைராய்டு மந்தமானால் எல்டிஎல் ஏறும். லைப்போபுரோட்டீன் ஏ என்ற பரம்பரைத் துகளை வாழ்நாளில் ஒருமுறை அளந்துகொள்வதும் நல்லது. தெற்காசியரிடம் அது ஐரோப்பியரைவிடக் கூடுதலாகக் காணப்படுகிறது.

இவ்வளவு சொன்ன பிறகும், ஒரே ஒரு தாளை வைத்து முடிவெடுக்காதீர்கள். எந்த மாற்றமும் இல்லாத ஒரே மனிதரிடம், வெவ்வேறு நாளில் எடுத்தால் எல்டிஎல் 8 விழுக்காடும், ட்ரைகிளிசரைடு 20 விழுக்காட்டுக்கு மேலும் மாறுபடுவது இயல்பு. போன முறை 104, இந்த முறை 112 என்பது ஏற்றம் ஆகாது. காய்ச்சலிலோ கீட்டோன் வந்து மீண்ட வாரத்திலோ எடுத்த பரிசோதனைக்கும் மதிப்பு குறைவு. பழைய தாள்களைத் தேதிவாரியாக அடுக்கி, ஒவ்வொன்றோடும் அந்தக் காலத்து எச்பிஏ1சியையும் சிறுநீர் அல்புமினையும் சேர்த்து வைத்து மருத்துவரிடம் காட்டுங்கள். அவருக்கு ஐந்து நிமிடத்தில் விளங்கிவிடும்.

கடைசியாக ஒரு வேண்டுகோள், பரிசோதனைக்கூடம் நடத்துகிறவர்களுக்கும் மருத்துவர்களுக்கும். லிப்பிட் பரிசோதனைக்குப் 12 மணி நேரம் பட்டினி கிடக்க வேண்டும் என்று இன்னும் எல்லோரிடமும் சொல்கிறோம். ஐரோப்பிய வல்லுநர் அமைப்புகள் 2016லேயே, வழக்கமான பரிசோதனைக்குப் பட்டினி தேவையில்லை என்று அறிவித்துவிட்டன. வழக்கமான சாப்பாட்டுக்குப் பிறகு ட்ரைகிளிசரைடு சராசரியாக 26 மில்லிகிராம் கூடுகிறது, எல்டிஎல் 8 குறைகிறது, அவ்வளவுதான். சாப்பிட்டு எடுத்ததில் ட்ரைகிளிசரைடு 440ஐத் தாண்டினால் மட்டும் வெறும் வயிற்றில் மறுபடி எடுத்தால் போதும். இந்தச் சிறு வித்தியாசத்துக்காக, இரவு நீண்டநேர இன்சுலின் போட்டுக்கொண்ட ஒருவரைக் காலை பத்து மணிவரை டோக்கனோடு உட்கார வைத்தால் அவருக்குச் சர்க்கரை தாழ்ந்து மயக்கம் வரலாம். பட்டினிக்குப் பயந்து அவர் அடிப்படை இன்சுலினையே நிறுத்திவிட்டால் கீட்டோன் ஏறும், எடுத்த லிப்பிட் எண்ணும் பொய்யாகும். மருத்துவர்கள் தேவையில்லாத இடத்தில் 'வெறும் வயிறு' என்று எழுதாதீர்கள். தேவைப்படும் இடத்தில், அன்றிரவும் காலையும் எந்த இன்சுலினை எவ்வளவு போட வேண்டும் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். லேப்களில் இன்சுலின் போடுகிறவர்களை வரிசையில் முதலில் அழையுங்கள்.